நாற்பத்தேழாம் காற்றாடி

முப்பந்தலில் நாற்பத்தேழாம் காற்றாடி
பதினோரு நாளுக்கு ஒருமுறை நின்றுபோகிறது.
எப்போதும் விடியற்காலை மூன்று மணி வாக்கில்.
"இசக்கிக்கு ஒரு சேலை சாத்துங்க மேடம்,
வேற ஒண்ணுமில்ல, அதாக்கும்"
என்கிறான் வாட்ச்மேன் சுயம்பு.

நான் லாக் கோப்பைத் திறந்தேன்.

காற்றின் வேகம் நான்கு.
கணவாய் வழியே பதினான்கில் அடித்துக்கொண்டிருந்த இரவு அது.
நான்கில் இவ்வளவு மின்சாரமா என்று மிரண்டு
பிரேக் விழுந்திருக்கிறது.

வேகத்தை எழுது. இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
தயார் என்று கொடி ஏற்று. இருநூற்றுப் பதிமூன்று.
என் கையால் எழுதியது,
பன்னிரண்டுக்குப் பின் பதிமூன்று.
அந்தப் பக்கம் காத்திருந்த இழை
கொடியைப் பார்த்தது, உள்ளே போனது,
ஒரு சுற்றுக்கு முன் அந்தக் கட்டத்தில் கிடந்த
பழைய நான்கை எடுத்துக்கொண்டு வந்தது.
கொடி புதிது.
அது எதற்காக ஏறியதோ அது இன்னும் வந்து சேரவில்லை.

வடசேரி ஆபீஸில் ஒரு கோடி முறை ஓட்டிப் பார்த்தேன்.
ஒருமுறையும் பிசகவில்லை.
அந்தப் பெட்டி கண்டிப்பானது,
எழுதிய வரிசையிலேயே வெளியே காட்டும்.
கோபுரத்துக்குள் இருப்பது சிக்கனமான சிப்.
எது முதலில் தயாரோ அதை முதலில் அனுப்பும்.
அதனிடம் பொய் இல்லை.
வரிசை வேண்டும் என்று
நான் கேட்கவேயில்லை.

மறுநாள் ஆரல்வாய்மொழி ஸ்டேஷன் ரோடு டீக்கடை.
ஒரு ஸ்லேட்டு, எழுதுகிறவர்கள் இருவர்.
எங்கள் பற்றில் ஏழு என்றிருந்ததை
அஜினும் பார்த்தான், ஷிபுவும் பார்த்தான்.
அஜின் எனக்கு டீ வைத்துவிட்டு
ஏழை அழித்து எட்டு என்று எழுதினான்.
ஷிபு பெர்லினுக்கு வைத்துவிட்டு வந்து
அந்த எட்டின்மேல் தன் எட்டை எழுதினான்.
ஒன்பதாவது டீ பெர்லின் வயிற்றில் இருந்தது,
கணக்கில் இல்லை.

பார், கூட்டு, எழுது:
நடுவே இன்னொரு கை நுழையும் அளவுக்கு இடம்.
அந்த இடத்தை அடைப்பதற்கு அணுச்செயல் என்று பேர்.
அணுவைப் பிளக்க முடியாது என்று
உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்துப் பேர்.

"அப்போ கொடியையும் அணுவாக்கினா போதும்லா?" என்றான் பெர்லின்.
அது ஏற்கெனவே அணுதான், மக்கா.
உடையாமல்தான் வந்தது.
தனியாக வந்தது. அதுதான் கோளாறு.

ஷிபுவின் டீக்கு நான் பணம் கொடுத்தேன்.
அவன் அதை எட்டு என்றே வாங்கிக்கொண்டான்.

இரண்டே சொற்கள்.
கொடி ஏற்றும் இடத்தில் ரிலீஸ்:
எனக்கு முன் எழுதியதெல்லாம் போய்ச் சேரட்டும், பிறகு நான்.
கொடி பார்க்கும் இடத்தில் அக்வயர்:
இதைப் பார்த்த பிறகே மற்றதைப் பார்ப்பேன்.
ஒரு பக்கம் மட்டும் சொன்னால் செல்லாது.
இருவர் சொல்ல வேண்டும், ஒரே கொடியின் பேரில்.

குறியீட்டை ஏற்ற நானே கோபுரத்துக்குப் போனேன்.
ஆடிக்காற்று லேப்டாப் மூடியை மடக்கப் பார்த்தது.
நாற்பத்தாறு அப்போதுதான் திரும்ப ஆரம்பித்தது,
நாற்பத்தெட்டு ஏற்கெனவே திரும்பியிருந்தது.
எந்தக் காற்று முதலில் வந்ததென்று
இரண்டையும் கேட்டால் இரண்டு பதில் வரும்.
இரண்டும் சரியாக இருக்கும்.

பதினோராம் நாள் நான் தூங்கவில்லை.
பன்னிரண்டாம் நாள் தூங்கிவிட்டேன்.
முப்பதாம் நாள் சுயம்பு போன் செய்தான்:
"ஓடுது மேடம். அம்மைக்க சக்தி."

சேலை சாத்தியிருக்கிறான்.
பச்சை, முந்நூற்று நாற்பது ரூபாய், சொந்தக் காசில்.
என்றைக்கு என்று கேட்டேன்.
நான் கோபுரத்துக்குப் போன அதே நாள்.
காலையிலா, மாலையிலா?
யோசித்தான்.
"ஞாபகமில்ல மேடம்."
லாகிலும் இல்லை.

பாதிப் பணம் தருகிறேன் என்றேன்.
வேண்டாம் என்றுவிட்டான்.
நேர்ச்சையைப்
பிரிக்கக் கூடாதாம்.